பாவாவின் தோளும் என் தோளும்

பல வருஷங்களுக்கு முன் ஆர்.கே.பேட்டை சாலையில் மொபெட்டிலிருந்து விழுந்து என் வலது தோள் நொறுங்கியது. சென்னை ஆஸ்பத்திரியில் உலோக மூட்டு வைத்தார்கள். அடுத்த வருஷமே, மூட்டு தேய்ந்துபோன என் அக்கா வீட்டுக்காரர் பாவாவுக்கும் வலது தோளை மாற்றினார்கள். பொதட்டூர்பேட்டையில் விசைத்தறி வைத்திருக்கும் பாவாவுக்கு எதிலும் என்னை முந்தியாக வேண்டும். இதில் இரண்டாவதாக வந்தது அவருக்குப் பெரிய குறை.

அதிலிருந்து எந்தக் கல்யாணத்தில் பார்த்தாலும், "தூக்கு மச்சான், பாக்கலாம்" என்பார். என் கை காதுவரை போகும். பயிற்சியைப் பாதியில் விட்ட அவர் கை தோள்மட்டத்தோடு நின்றுவிடும்.

"உனுக்கு வெச்சது வேற கம்பெனி சாமான். அதான்" என்பார்.

போன வருஷம் இருவரும் சேர்ந்தே பரிசோதனைக்குப் போனோம். எக்ஸ்ரேயைப் பார்த்த டாக்டர், இரண்டு மூட்டும் ஆடாமல் அசையாமல் இருப்பதாகச் சொன்னார்.

"யாருது டாக்டர் ரொம்ப நாள் வரும்?" என்றார் பாவா.

"உங்க ரெண்டு பேரையும் விட அதுங்க நல்லா இருக்கு. மொதல்ல சர்க்கரையக் கொறைங்க."



ஆடிக் கிருத்திகைக்குக் குடும்பத்தோடு மலைக்கோயிலுக்கு ஏறினோம். வரிசையில் "அரோகரா" என்று எல்லாக் கைகளும் உயர்ந்தன. பாவாவின் வலது கையும் நெட்டுக்குத்தாக நின்றது. நான் மலைத்துப் போனேன். அக்காதான் கண்டுபிடித்தாள்: இடது கையால் முழங்கையை அடியிலிருந்து முட்டுக்கொடுத்துக்கொண்டிருந்தார்.

"சாமி முன்னாடி இன்னா வேல இது?"

"சாமிக்குத் தெரிஞ்சா பரவால்ல. மச்சானுக்குத் தெரியக்கூடாது."

சிரித்து முடிப்பதற்குள் என் நடுமுதுகில் அரிப்பெடுத்தது. இடது கையில் அர்ச்சனைத் தட்டு. எனக்கு வைத்த மூட்டு மேலே போகும், பின்னால் வளையாது. தாங்க முடியாமல் நெளிந்து, முறுக்கி, தூணில் முதுகைத் தேய்த்தேன். எனக்குச் சாமி வந்துவிட்டதென்று சுற்றியிருந்தவர்கள் பயபக்தியோடு விலகி இடம் விட்டார்கள். ஓர் அம்மா என் நெற்றியில் விபூதியை அப்பிவிட்டுக் கும்பிட்டார்.

"சாமி, எம்பொண்ணுக்கு மாப்ள எந்தப் பக்கம் அமையும்?"

பாவா என் காதருகே வந்தார். "இன்னா ஆச்சு மச்சான்?"

"முதுகு அரிக்குது பாவா. கை பின்னால போவல."

அவர் முகம் மலர்ந்தது. தன் வலது கையைத் தன் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய், நடுமுதுகில் விரல்களை ஆட்டிக் காட்டினார். "பாத்துக்கினியா?" அதற்குப் பிறகுதான் என் முதுகுக்கு வந்தார். "எங்க?"

"கீழ... இன்னும் கீழ... ஆங், அங்கதான்!"

"கீழண்டப் பக்கமா!" அந்த அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டார். "கெழக்க திருவாலங்காட்டுல ஒரு எடம் வந்துகிது சாமி. அத்தயே முடிச்சுடறேன்."

கூட்டம் அவரைத் தள்ளிக்கொண்டு போய்விட்டது. கூப்பிட்டுச் சொல்ல வாயெடுத்தேன்.

"சும்மா இரு. நல்ல பையனாத்தான் இருப்பான்" என்று சொறிவதை நிறுத்தாமலே சொன்னார் பாவா.