ஈட்டுக்கு ஒரு கை சேவு

ஒரு பங்குனிக் காலையில், என் காராசேவுக் கடைக்கு எதிரே நின்ற திருச்சுழி பஸ்ஸின் ஊர்ப்பலகை எனக்கு மங்கலாகத் தெரிந்தது. அருப்புக்கோட்டைப் புழுதியில் பிறந்து வளர்ந்தவன் நான். பலகையைத் துடைக்கச் சொல்லி டிரைவரோடு சண்டைக்குப் போனேன். பலகை சுத்தமாகத்தான் இருந்தது.

மதுரை ஆஸ்பத்திரியில் ரத்தக் கொதிப்பு (ரத்தம் தன் குழாய்ச் சுவரை அளவு மீறி அழுத்துவது) என்றார்கள். விழித்திரையில் (கண்ணுக்குள் காட்சி விழும் இடம்) லேசான ரத்தக் கசிவாம். என் அண்ணனுக்கும் இதே கொதிப்புதான். பக்கவாதத்தில் வாய் கோணி, மூன்று வருஷமாக ஒரு வார்த்தை பேசவில்லை. நானோ வாயை வைத்துப் பிழைப்பவன். நானும் அப்படி ஆகிவிடுவேனோ என்ற பயம், இதைப் படிக்கிற உங்களில் பலருக்கும் தெரிந்த பயமாகத்தான் இருக்கும்.

மாத்திரை கொடுத்து, உப்பைக் குறைக்கச் சொன்னார்கள். என் மனைவி செல்லம் குறைக்கவில்லை, அடியோடு நிறுத்திவிட்டாள். அந்த உப்பில்லாத ரசத்தை நான் ஒரு குறையும் சொல்லாமல் குடித்தேன். எங்கள் வீட்டில் அதுவே அதிசயம்.

ஆனாலும் மாதாமாதம் போய்க் கையை நீட்டினால், கொதிப்பை அளக்கும் கருவியில் பாதரசம் இறங்குவதாக இல்லை. அங்கே ஒரு டாக்டரம்மா இதில் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தார். ரத்த அணு ஒவ்வொன்றையும் சவ்வு (மெல்லிய தோல் போன்ற உறை) மூடியிருக்கிறது, உப்பை வெளியே தள்ளிவைப்பது அதன் வேலைகளில் ஒன்று, கொதிப்புள்ள சிலருக்கும் அவர்கள் குடும்பத்தாருக்கும் அந்த வேலை மாறியிருக்குமோ என்று பார்க்கிறோம் என்றார். "இன்னும் உறுதியாத் தெரியாது" என்று இரண்டு முறை சொன்னார். அது மட்டும் என் காதில் ஏறவில்லை.

ஊர் திரும்பியதும் கடைக்கு வந்தவர்களிடமெல்லாம் இதே பேச்சுத்தான். "நம்ம மேல தப்பில்லய்யா. சவ்வு சரியில்ல. அது கேக்காட்டி மாத்திரை என்ன செய்யும்?"

அண்ணன் ரத்தமும் வேண்டுமென்று டாக்டரம்மா ஒரு நாள் பஸ் ஏறி எங்கள் கடைக்கே வந்துவிட்டார். அப்போது நான் எண்ணெய்ச் சட்டி அருகே நின்றிருந்தேன். சரக்கு மாஸ்டர் ஓர் ஈடு (சட்டியில் ஒரு தடவை பொரித்தெடுக்கும் சரக்கு) எடுத்துக் கொட்ட, ஒரு கை அள்ளி வாயில் போட்டேன்.

"என்ன சாப்பிடுறீங்க?"

"சாப்பிடலைங்கம்மா. ருசி பாக்குறேன்."

"நாளுக்கு எத்தனை தடவை?"

"ஈட்டுக்கு ஒரு கை. மொதலாளி வாயில போடாத சரக்கு தட்டுக்கு வராதுங்க. எங்கப்பா காலத்துலருந்தே அப்படித்தான்."

"எத்தனை ஈடு?"

சொன்னேன். அவர் முக்காலியில் உட்கார்ந்துவிட்டார். சத்தியமாக நான் ஏமாற்றவில்லை. ருசி பார்ப்பதைச் சாப்பாடாக எங்கள் வியாபாரத்தில் யாரும் நினைத்ததே இல்லை. அமாவாசை விரதத்தன்றும் பார்ப்போம்.

"என் சவ்வு சரியில்லைன்னீங்களே?" என்று இழுத்தேன்.

"இருக்கலாம். அப்படின்னா நீங்க மத்தவங்களைவிட அதிகமா உப்பைத் தள்ளிவைக்கணும்."

விஷயம் செல்லத்துக்குப் போனது. "உப்பில்லாமப் பொங்கிப் போடுறமேன்னு நான் அழுதேன். இவுக இங்க கை கையா அள்ளிப் போட்டுருக்காக. சவ்வாம் சவ்வு!" மறுநாளிலிருந்து ருசி பார்க்க அவளே கடைக்கு வந்தாள். முதல் ஈட்டிலேயே முகம் சுளித்தாள். "இம்புட்டு உப்பா? ஊரையே என்ன செய்யப் பாக்குறீக?" மாவில் உப்பு குறைந்தது. வாடிக்கை குறையவில்லை.

மாத்திரையை நான் விடவில்லை. பாதரசம் மெல்ல இறங்கியது. பஸ் பலகையும் தெளிந்தது. முன்பு ஈட்டை எண்ணிப் பொழுதைப் போக்கியவன், இப்போது ஒவ்வொரு காலையும் கண் விழித்ததும் முதலில் ஒரு வார்த்தை பேசிப் பார்க்கிறேன். வாய் ஒழுங்காக இருந்தால் அன்றைய நாள் எனக்குக் கிடைத்துவிட்டதாக அர்த்தம்.

ஒரு நாள் எங்கள் கிணற்றுத் தண்ணீரைக் குடித்துவிட்டு நின்றேன். "செல்லம், தண்ணி உப்பா இருக்கே!" அவள் சிரித்த சிரிப்பில் செம்பு கையிலிருந்து விழுந்தது. கல்யாணமாகி வந்த அன்றைக்கே அவள் சொன்னது அது. இருபது வருஷமாக இல்லவே இல்லை என்று சாதித்தவன் நான்.

இதை அண்ணனிடம் போய்ச் சொன்னேன். கோணிய வாயால் சிரித்தார். பிறகு நல்ல கையை நீட்டி என் உதட்டைத் தொட்டுப் பார்த்தார். அன்று நான் கடைக்குப் போகவில்லை. பொழுது சாயும்வரை அவர் பக்கத்தில் உட்கார்ந்து பேசிக்கொண்டே இருந்தேன்.