சொட்டைக்கு அடித்த பெயின்ட்

நான் கோபக்காரி. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்த ஐப்பசியில் நடந்ததில் பாதி என் கோபத்தால் வந்தது. மீதிப் பாதி என் அழகுணர்ச்சியால் வந்தது.

கல்லிடைக்குறிச்சிக்குப் பக்கத்தில் ஆற்றுப் பாசனத்தில் எங்களுக்கு ஒரு வயல் உண்டு. இரண்டு வாழைத்தோட்டங்களுக்கு நடுவே குறுகலான தடம் வழியாகத்தான் போய்ச் சேர முடியும். பெரிய டிராக்டர் போனால் இரண்டு பக்கமும் வாழை சாயும். அதனால் என் பிடிவாதத்தில் ஒரு மினி டிராக்டர் வாங்கினோம். என் கணவருக்கு அதில் இஷ்டமே இல்லை. "பொம்மை மாதிரி இருக்கு" என்று வாங்கிய அன்று சொன்னவர், வண்டி முனகும்போதெல்லாம் அதையே திரும்பச் சொல்வார். நான் பள்ளியில் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு இயற்பியல் நடத்துகிறேன். வண்டியை ஓட்டுவது எங்களிடம் வெகுகாலமாக வேலை பார்க்கும் அண்ணாச்சி. என்னைவிடப் பத்து வயது மூத்தவர், அதிகம் பேசமாட்டார்.

பிசானப் பருவ நெல்லுக்குக் கால்வாயில் தண்ணீர் வந்துவிட்டது. நாற்றுக்கு இருபத்தைந்து நாள். ஞாயிற்றுக்கிழமை நடவுக்குப் பெண்கள் வருவதாகச் சொல்லியாயிற்று. அவர்களை விட்டால் அடுத்த பத்து நாளைக்கு ஆள் கிடைக்காது, நாற்று முற்றிவிடும். அதற்குள் வயலைச் சேறாகக் கலக்கித் தொழி ஆக்கிவிட வேண்டும். இந்த நேரம் பார்த்து, திங்கட்கிழமை காலையில் டிராக்டர் படுத்துக்கொண்டது. சாவியைத் திருப்பினால் 'டக்' என்று ஒரு சத்தம். அதற்கு மேல் ஒன்றுமில்லை.

"ராத்திரி லைட்டை அணைக்காம போயிட்டீங்களா அண்ணாச்சி?" என்று கேட்டேன். கேட்டேன் என்பது நாகரிகமான வார்த்தை. பக்கத்து வயலில் நான்கு பேர் நிமிர்ந்து பார்க்கும்படி கேட்டேன்.

"நான் ஏன் டீச்சர் லைட்டைப் போடுதேன்? பகல்ல ஓட்டுத வண்டிக்கு லைட் எதுக்கு?" என்றார்.

"அப்ப பேட்டரி தானா செத்துப்போச்சா?"

அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வாய்க்கால் கரையில் போய் நின்றுகொண்டார்.

அடுத்த வயல்காரர் தன் பெரிய டிராக்டரைத் தடத்தின் முனைவரை கொண்டுவந்து, நீளமான ஒயர் போட்டு எங்கள் வண்டியைக் கிளப்பிக் கொடுத்தார். தொட்டவுடன் ஓடியது. நிறுத்தினால் மறுபடி 'டக்'. மெக்கானிக் வந்தார், பேட்டரி போய்விட்டது என்றார், புதுப் பேட்டரி வாங்கினோம். செவ்வாய்க்கிழமை புதுப் பேட்டரியும் மனசில்லாமல் இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டு 'டக்' என்றது. மெக்கானிக் மறுபடி வந்து, ஒயர் போட்டு வண்டியை ஓடவிட்டு பேட்டரியில் மீட்டர் வைத்துப் பார்த்தார். முள் ஏறவில்லை. "டைனமோ சார்ஜ் ஏத்தல டீச்சர். வெள்ளிக்கிழமை காலைல வந்து கழட்டுதேன். திருநெல்வேலிக்கு அனுப்பிக் காயில் கட்டி வர பத்து நாள் ஆகும்" என்றார்.

பத்து நாள். 'பொம்மை' என்ற சொல்லை என் கணவர் சொல்லாமல் விழுங்கியது சொன்னதைவிட மோசமாக இருந்தது.

வியாழக்கிழமை வகுப்பில் பலகையில் ஒரு மின்சுற்று வரைந்துகொண்டிருந்தேன். மின்னோட்டம் போனால் மட்டும் போதாது, திரும்பி வரவும் வழி வேண்டும் என்று வருஷாவருஷம் சொல்கிற வாக்கியத்தைச் சொன்னேன். சொன்ன வாயோடு நின்றுவிட்டேன். அடுத்த வயல்காரர் ஒயர் மாட்டியது கண்முன் வந்தது. சிவப்பை எங்கள் பேட்டரியில் மாட்டினார். கறுப்பை பேட்டரியில் மாட்டவில்லை, எஞ்சின் இரும்பில் கவ்வவிட்டார். அவருடைய பழைய பேட்டரிக்கு ஓடுகிற வண்டி எங்கள் புதுப் பேட்டரிக்கு ஏன் ஓடவில்லை? அவருடையது நேராக இரும்புக்குத் திரும்பியது. எங்களுடையது, பேட்டரியின் மைனஸை வண்டியின் சட்டத்தோடு இணைக்கிற எர்த் ஒயர் வழியாகத் திரும்ப வேண்டும்.

ஆய்வகத்திலிருந்து மல்டிமீட்டரைக் கையெழுத்துப் போட்டு எடுத்துக்கொண்டு, பள்ளி விட்டதும் சேலையோடு வயலுக்குப் போனேன். அண்ணாச்சி அங்கேதான் இருந்தார். திங்கட்கிழமையிலிருந்து என்னிடம் அவர் பேசவில்லை, ஆனால் வேலைக்கு வராமலும் இல்லை. என் கணவர் வேடிக்கை பார்க்க வந்தார்.

முதலில் வண்டி நின்றபடியே பேட்டரியின் வோல்ட்டைப் பார்த்தேன். பன்னிரண்டரை. பேட்டரி காலியாகவே இல்லை. பிறகு அடுத்த வயல்காரரைக் கெஞ்சி, ஒயர் போட்டு வண்டியைக் கிளப்பி, ஒயரைக் கழற்றச் சொன்னேன். ஓடும்போதும் பேட்டரியில் அதே பன்னிரண்டரை; சார்ஜ் ஏறினால் பதினாலைத் தாண்ட வேண்டும். இதுவரை மெக்கானிக் சொன்னது சரி. அடுத்து மீட்டரின் இரண்டு முனைகளையும் டைனமோவிலேயே வைத்தேன், ஒன்று அதன் முனையில், மற்றது அதன் உடம்பில். பதினாலு புள்ளி நாலு.

"டைனமோ நல்லாருக்கு" என்றேன். டைனமோவிலிருந்து புறப்படுகிற கிட்டத்தட்ட இரண்டு வோல்ட் பேட்டரிக்குப் போய்ச் சேரவில்லை. நடுவழியில் யார் திருடுகிறார்கள் என்பதுதான் கேள்வி. டைனமோ முனைக்கும் பேட்டரியின் பிளஸ்ஸுக்கும் நடுவே வைத்தேன். பூஜ்யம், அந்த வழி சுத்தம். எஞ்சின் உடம்புக்கும் பேட்டரியின் மைனஸுக்கும் நடுவே வைத்தேன். அங்கேயும் பூஜ்யம்தான் வர வேண்டும். ஒன்று புள்ளி ஒன்பது வந்தது.

இருபது வருஷமாகப் பலகையில் மட்டும் பார்த்த ஒன்று, சேறும் டீசல் நாற்றமுமாக என் முன்னால் நின்று நான் சொன்னபடி கேட்டது.

"வண்டியை அணைங்க அண்ணாச்சி. எர்த் போல்ட்டைக் கழட்டுங்க."

அவர் பையப் பைய ஸ்பேனரைப் போட்டுத் திருகினார். ஒயரின் முனை விலகியது. அதன் அடியில் சட்டத்தில் இரும்பு தெரிய வேண்டிய இடத்தில் பளபளவென்று நீலப் பெயின்ட் இருந்தது. அதன்மேல் காய்ந்துபோன சந்தனமும் ஒரு குங்குமப் பொட்டும்.

மூவரும் குனிந்து பார்த்தோம்.

ஆயுத பூஜைக்கு முந்தின நாள் பேட்டரியைக் கழற்றிவைத்துவிட்டு அண்ணாச்சி வண்டியைக் கழுவினார். பெயின்ட் அடித்தது நான். அந்த போல்ட்டைச் சுற்றி ஒரு ரூபாய் அகலத்துக்கு வெறும் இரும்பு சொட்டைத் தலை மாதிரி தெரிந்தது எனக்குப் பொறுக்கவில்லை. இரண்டு கோட்டிங் அடித்தேன். காய்ந்ததும் சந்தனம் வைத்து, பொட்டும் வைத்து, அதன்மேல்தான் ஒயரை மாட்டச் சொன்னேன். போல்ட்டின் மரை வழியாக அங்கங்கே ஒட்டி, கொஞ்ச நாள் வண்டி எப்படியோ ஓடியிருக்கிறது. பெயின்ட் மின்சாரத்தைக் கடத்தாது என்று ஆறாம் வகுப்புப் பிள்ளை சொல்லும். பிளஸ் டூ டீச்சர் அதற்குப் பொட்டு வைத்திருக்கிறாள்.

உப்புத்தாளை அண்ணாச்சி கையிலிருந்து வாங்கி நானே தேய்த்தேன். இரும்பு வெள்ளையாகத் தெரியும்வரை தேய்த்தேன். ஒயரை இறுக்கியதும் அண்ணாச்சி சாவியைத் திருப்பினார். ஒரே சுற்றில் வண்டி பிடித்தது. பேட்டரியில் மீட்டர் வைத்தேன். பதினாலு புள்ளி இரண்டு. என் கணவர் மீட்டரைக் கையில் வாங்கி இரண்டு முறை பார்த்தார். "பொம்மை இல்ல, ஒத்துக்கிடுதேன்" என்றார். ஜெயித்தவளாக நான் சிரித்திருக்க வேண்டும். சிரித்தேன்தான், ஆனால் பாதியில் நின்றது.

அடுத்த வயல்காரரும் அவர் ஆட்களும் அங்கேயே நின்றார்கள். திங்கட்கிழமை கேட்ட அதே காதுகள். அதே சத்தத்தில் சொன்னேன்.

"பெயின்ட் அடிச்சது நான்தான் அண்ணாச்சி. லைட் கதை என் வாய்க்கொழுப்பு. தப்பு என்னுது."

"சரி டீச்சர்" என்றார். அவ்வளவுதான்.

மெக்கானிக்கை வர வேண்டாம் என்று சொல்லிவிட்டோம். வெள்ளிக்கிழமை விடுப்புப் போட்டு வயலுக்குப் போனபோது டிராக்டர் சேற்றில் இறங்கி உழுதுகொண்டிருந்தது. நல்ல வெயில். வண்டியின் இரண்டு முன்விளக்கும் எரிந்துகொண்டிருந்தன. மறந்துவிட்டாரோ என்று வாயைத் திறந்தேன், மூடிக்கொண்டேன். மத்தியானம் சாப்பிட எஞ்சினை நிறுத்தினார், விளக்கை அணைக்கவில்லை. சாப்பிட்டுவிட்டு வந்து, என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுச் சாவியைத் திருப்பினார். தொட்டவுடன் ஓடியது. அடுத்த வயலில் யாரோ சிரித்தார்கள்.

பொழுது சாய்வதற்குள் வயல் முழுக்கத் தொழியாகி, வானம் தெரிகிற அளவுக்குச் சமமாகக் கிடந்தது. ஞாயிற்றுக்கிழமை நடவு நிச்சயம். அண்ணாச்சி வண்டியைக் கரையோரச் சேற்றிலேயே விட்டு எஞ்சினை நிறுத்தினார். இறங்கிக் காலைக் கழுவிக்கொண்டார்.

"டீச்சர், லைட்டை மட்டும் நீங்களே வந்து அணைச்சிருங்க. நாளைக்கு ஒரு பேச்சு வரக்கூடாது பாருங்க" என்றார்.

சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, முழங்கால்வரை சேறாகப் போய், நானே அணைத்தேன்.