கடைசிக் கட்டத்து உடும்பு

சுவர் மணிக்கூடு நின்றுவிட்டது. போன கிழமை சந்திக் கடைக்குப் போய் ஒரு பற்றரி கேட்டேன்.

"ஒண்டா வராது அக்கா. நாலாத்தான் வரும்" என்றாள் கடையில் நின்ற பிள்ளை. எடுத்து மேசையில் போட்டாள், டொபி போடுகிற மாதிரி.

விரலளவுப் பற்றரி. நாலும் என் உள்ளங்கையில் கிடந்தன. காசு கொடுக்காமல் அதையே பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறேன். "என்னக்கா, டேற் முடிஞ்சுதோ?" என்று கேட்டாள். இல்லை என்றேன். ஒரு காலத்தில் இந்த நாலும் கிடைத்திருந்தால் நான் ஒருத்திக்குக் கெடுதல் செய்திருக்க மாட்டேன் என்று அவளிடம் சொல்ல முடியுமா? உங்களிடம் சொல்லலாம்.

அப்போது சண்டைக் காலம். யாழ்ப்பாணத்துக்குள் பற்றரி வரத் தடை. கரண்டும் இல்லை. எனக்குப் பதின்மூன்று வயது. பள்ளிக்கூடத்தை எட்டாம் வகுப்போடு விட்டுவிட்டு வெங்காயத் தோட்டங்களுக்குக் கூலிக்குப் போனேன். கிண்டுகிற நாளில் கிண்டுவேன். பிடி கட்டுகிற நாளில் கட்டுவேன். எந்தச் சவர்க்காரம் போட்டாலும் கை மணக்கும். இப்போதும் சொதிக்கு வெங்காயம் உரிக்கும்போது அந்த மணத்தோடு முதலில் வருவது தோட்டம் இல்லை. கலாவின் முகம்தான். மூக்கைச் சுருக்கிய முகம்.

கலா பக்கத்து வீடு. என் வயது. அவளுடைய அப்பா டென்மார்க்கில் இருந்தார். அவளிடம் சப்பாத்து இருந்தது. வெள்ளைச் சொக்ஸ் மூன்று சோடி இருந்தது. எப்படித் தெரியும் என்று கேட்காதீர்கள். கொடியில் காயும்போது எண்ணுவேன்.

அவளுக்குத்தான் அப்பா அனுப்பிய அந்தக் கேம் வந்தது, கையில் வைத்து விளையாடுகிற பற்றரிக் கேம். கொழும்பிலிருந்து வந்த ஒருவர், வள்ளத்தில் கடலேரி கடந்து, சட்டைக்குள் வைத்துக் கொண்டுவந்தார். சவர்க்காரக் கட்டியை விடக் கொஞ்சம் பெரிது. சாம்பல் நிறம். நடுவில் சின்னக் கண்ணாடி, கீழே பொத்தான்கள். அப்பா கடிதமும் எழுதியிருந்தார். ஒரு பெரிய மிருகம் ஊருக்குள் வந்து சனத்தைத் தின்கிற படம் அங்கே ஓடுகிறதாம். தியேட்டரில் ரிக்கெற் எடுக்க முடியாதாம். அந்தப் படத்தைத்தான் இப்படி விளையாட்டாகச் செய்திருக்கிறார்களாம்.

படத்தை நாங்கள் எங்கே பார்ப்பது? கேமை வைத்துத்தான் படம் இப்படி இருக்கும் என்று நினைத்துக்கொண்டோம். எறும்பளவில் ஒரு மனிதன் ஓடுவான். பின்னால் வாலோடு ஒரு கறுப்புச் சாமான் வரும். கலா அதை டைனோசர் என்றாள். பள்ளிக்கூடத்தில் படித்திருப்பாள். எனக்கு அது உடும்பு. வேலிக்கரையில் ஓடுகிற அதே உடும்பு, பனையளவு வளர்ந்துவிட்டது. உண்மையைச் சொன்னால் நான் உடும்பின் பக்கம். ஓடுகிறவன் நல்ல சப்பாத்துப் போட்டிருப்பான் என்று எனக்குள் ஒரு எண்ணம்.

கேமோடு வந்த நாலு பற்றரியும் ஒரு கிழமையில் செத்தன. வெயிலில் காயவைத்தோம். பல்லால் கடித்துப் பார்த்தோம். ஒவ்வொரு தடவையும் இரண்டு நிமிடம் உயிர் வந்தது, பிறகு அதுவும் இல்லை. அதன்பிறகு ரேடியோ திருத்துகிற அண்ணையிடம் கொண்டுபோனோம். அவர் ஈயம் பற்றுகிற கம்பியைக் கரி நெருப்பில் பழுக்க வைத்து, நாலு சின்னச் சாமான் பொருத்தி, இரண்டு வயரை வெளியே விட்டார்.

"சைக்கிள் டைனமோவிலை குடுங்கோ. சுத்தினா ஓடும். விட்டா ரெண்டு செக்கன் உயிரோடை இருக்கும், பிறகு போயிடும். வேறை கேள்வி இருக்கோ?"

ஊரெல்லாம் அப்படித்தான் ரேடியோ கேட்டது. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, ஒருவர் கையால் பெடலைச் சுற்ற, மற்றவர்கள் சுற்றியிருந்து பாட்டுக் கேட்பார்கள். நாங்களும் கலாவின் சைக்கிளைக் கவிழ்த்தோம்.

ஒப்பந்தம் இதுதான். ஒருத்தி விளையாட மற்றவள் சுற்றுவது. விளையாடுகிறவள் செத்தால் இடம் மாறுவது. நியாயமான ஒப்பந்தம். ஆனால் கலா சாகமாட்டாள். நான் பத்து எண்ணுமுன் செத்துவிடுவேன். என்னை உடும்பு தின்னும், நான் எழும்பிப் போய்ச் சுற்றுவேன். அவள் ஓடிக்கொண்டே இருப்பாள். நான் சுற்றிக்கொண்டே இருப்பேன். சுற்றுகிற இடத்திலிருந்து கண்ணாடி தெரியாது. சத்தம் மட்டும் கேட்கும். அவள் முகம் தெரியும்.

"உனக்குக் கை வேகம் காணாதடி" என்பாள். நாள் முழுக்க வெங்காயம் கிண்டுகிறவளைப் பார்த்துச் சொல்வாள்.

இன்னொன்றும் உண்டு. என் முறை முடிந்து கேமை வாங்கினால், விளையாடுமுன் பொத்தான்களைச் சட்டையில் துடைப்பாள். ஒன்றும் சொல்லமாட்டாள். துடைப்பாள், அவ்வளவுதான்.

முடிவை ஒருநாளும் பார்க்கவில்லை. ஒரு பாலம் வரும், அதோடு அவளும் செத்துவிடுவாள். பாலத்துக்கு அங்கால் கடைசிக் கட்டம் இருக்கிறது, அதில் படத்தின் முடிவு வரும் என்று கடிதத்தில் இருந்தது. உடும்பு சாகுதா, தப்புதா என்று எனக்குத் தெரியவேண்டும். நித்திரையிலும் அதைத்தான் நினைத்தேன். நானாக விளையாடித்தான் அதைப் பார்க்கவேண்டும் என்று ஒரு ஆசை. பத்து எண்ணுமுன் சாகிறவளின் ஆசை.

பிறகு கலாவுக்கும் தாய்க்கும் பயணம் சரிவந்தது. கொழும்பு, அங்கிருந்து டென்மார்க். வெளிக்கிடுவதற்கு முதல் நாள் பின்னேரம் நான் தோட்டத்தால் வந்தேன். சைக்கிளைக் கவிழ்த்து வைத்துவிட்டு வாசல் படலையில் கலா நின்றாள்.

"கெதியா வாடி. இண்டைக்குக் கடைசிக் கட்டம் பாக்கிறம்."

சுற்றினேன். அன்றைக்கு அவள் பாலத்தை ஒழுங்கையில் நடப்பதுபோலக் கடந்தாள், முகத்திலேயே தெரிந்தது. கேமின் பாட்டு மாறியது. அதுவரை கேட்காத பாட்டு.

"இதுதான்டி கடைசி! விடாதை, விடாதை. சுத்திக்கொண்டே இஞ்சாலை எட்டிப் பார்!"

எனக்கு எட்டிப் பார்க்க மனம் வரவில்லை. கதவுக்குள்ளால் பயணப் பெட்டி தெரிந்தது. திறந்து கிடந்தது. மேலே வெள்ளைச் சொக்ஸ், மூன்று சோடியும். பெட்டி அவளுக்கு. பிளேன் அவளுக்கு. அப்பா அவளுக்கு. இந்த முடிவும் அவளுக்கா?

கையை விட்டேன். கை நோகவில்லை. அந்தப் பெடல் என் கைக்கு ஒன்றுமே இல்லை. சும்மா விட்டேன். சில்லு தன்பாட்டில் கொஞ்சம் சுற்றி நின்றது. கேமின் பாட்டு இழுபட்டு, நின்றுபோனது.

"ஐயோ!" என்றாள். என்னைப் பார்த்தாள். "கை நோகுதோ?"

"ஓம்."

கேமைக் கீழே வைத்துவிட்டு வந்து என் கையைப் பிடித்து உருவிவிட்டாள். வெங்காயம் மணக்கிற கை. அதன்பிறகு தன் கையை அவள் துடைக்கவில்லை. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

அடுத்த நாள் போய்விட்டாள். கேமையும் கொண்டுபோனாள். பிறகு நாங்களும் இடம்பெயர்ந்து சாவகச்சேரிப் பக்கம் போய், திரும்பி வந்து, எனக்குக் கலியாணம் நடந்து, பிள்ளை பிறந்து, முப்பது வருடம் போயிற்று. வாழ்க்கையில் எத்தனையோ இழந்தாயிற்று. என்றாலும் அந்தப் பெடலை விட்டது உள்ளே கிடந்தது.

போன வருடம் கலா வந்தாள். காணியை விற்று எழுதிக் கொடுக்க வந்தாள். என் வீட்டுக் கதிரையில் இருந்து தேத்தண்ணி குடித்தாள். நான் சுற்றி வளைத்துப் பேசத் தெரியாதவள்.

"கலா, உன்ரை கேம். கடைசி நாள் எனக்குக் கை நோகேல்லை. எரிச்சலிலை வேணுமெண்டுதான் விட்டனான்."

தேத்தண்ணி சிந்தச் சிரித்தாள்.

"உதையே இவ்வளவு காலமும் வைச்சுக்கொண்டு இருந்தனீ? விசரி. நான் முடிவை அதுக்கு முந்தியே பாத்திட்டன்."

"ஆர் சுத்தினது?"

"ஆர் சுத்திறது? சைக்கிளை நிமித்தி ஸ்டாண்டிலை விட்டிட்டு ஏறியிருந்து மிதிச்சனான். கால் மிதிக்கும், கை விளையாடும். பள்ளிக்கூடம் விட்டு வந்தா, நீ தோட்டத்தாலை வாறவரைக்கும் எனக்கு உதுதானே வேலை."

அதே சைக்கிள், அதே டைனமோ. நிமிர்த்தினால் போதும். காலால் மிதிக்கத்தானே சைக்கிளைச் செய்தான்? ஊர் கவிழ்த்தது, நானும் கவிழ்த்தேன். வேகம் காணாது என்று அவள் சொன்னது சும்மா இல்லை. அவள் ஒவ்வொரு நாளும் பழகியிருக்கிறாள்.

"அப்ப என்னை ஏன் சுத்த விட்டனீ?"

"நீ சுத்த வந்தாத்தானே பக்கத்திலை இருப்பாய். தனிய உடும்போடை இருந்து என்ன செய்யிறது? அண்டைக்கு உனக்குக் காட்டத்தான் விளையாடினனான். எட்டிப் பார் எண்டு சொன்னனான் எல்லே. நீதான் பாக்கேல்லை."

வெட்கம் ஒரு பக்கம். ஆனால் கேட்காமல் விட முடியவில்லை.

"முடிவிலை என்னடி வரும்? உடும்பு சாகுதோ?"

கோப்பையைக் கீழே வைத்தாள். கண்ணை மூடி யோசித்தாள்.

"மனுசன் வள்ளத்திலை ஏறிப் போறானோ... இல்லை, அது வேறை என்னவோ. சத்தியமா மறந்துபோச்சடி."

அவளுக்கு வேறு எவ்வளவோ கிடைத்திருக்கிறது. இது கையிலிருந்து விழுந்ததே அவளுக்குத் தெரியவில்லை. எனக்கு அதே பழைய எரிச்சல், பதின்மூன்று வயதில் இருந்தது போலவே.

என் மகன் கேட்டுக்கொண்டு நின்றான். "பேரைச் சொல்லுங்கோ அம்மா, போனிலை தேடித்தாறன்" என்றான். பேர் கேமின் முதுகில் இங்கிலீசில் இருந்தது. எனக்கு வாசிக்கத் தெரியாது. கலாவைப் பார்த்தேன். உந்த மாதிரிப் படங்கள் பிறகு எத்தனையோ வந்துவிட்டன, எது என்று தெரியாது என்றாள். கேம்? கொழும்பில் நின்ற வீட்டில் ஒரு பிள்ளை அழுதது, கொடுத்துவிட்டாளாம்.

அடுத்த நாள் காணி எழுதினாள். அதற்கடுத்த நாள் போய்விட்டாள். வாங்கினவர்கள் பழைய வீட்டை இடித்துப் புது வீடு கட்டுகிறார்கள். உடும்பு செத்ததா, தப்பியதா, இனிக் கேட்க ஆளில்லை.