எட்டு இதழ் வாசல்

உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டை ஒட்டி ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். சென்னையில் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்த ஒரு பெண்ணை வீட்டார் வரன் பார்க்கிறோம் என்று ஊரோடு நிறுத்தியிருந்தார்கள். கட்டுரைகளைப் பிரிண்ட் எடுக்க வருவாள். ஒல்லியான உடம்பு, தடித்த கண்ணாடி. அவளுடைய அண்ணன் வாசலில் பைக்கை அணைக்காமல் காத்திருப்பான். பிரிண்ட் வரும்வரை அவள் வீணான தாளில் வட்டமாக எட்டு இதழ் வரைவாள்.

"கோலமாம்மா?" என்றேன் ஒருநாள்.

"இல்லண்ணா. ஈஸ்ட் செல்லு நடுவுல உட்கரு கீது. அத்த சுத்தி ஒரு சவ்வு. அந்தச் சவ்வுல கீற வாசல் இது. சுத்தியும் புரோட்டீனுங்க கட்டிக்கினு நிக்கும். பொடிசுங்க தானா பூந்து போயிடும். பெருசுன்னா, கூட்டிக்கினு போவ ஆளு இருந்தாதான் விடும்."

"நம்ம உடம்புலயும் அப்படித்தானா?"

"வாசல் அதே மாதிரிதான். ஆனா நம்ம செல்லு ரெண்டா பிரியறப்போ சவ்வே கலைஞ்சிடும், அப்புறம் புதுசா கட்டிக்கும். ஈஸ்ட்ல கலையவே கலையாது. பிரியறதுகூட அதுக்குள்ளயேதான்."

"நீ எப்போம்மா லேபுக்குத் திரும்பிப் போவே?"

வெளியே ஹாரன் அடித்தது. "கண்ணாலம் முடியட்டும்னு சொல்லிக்கினு கீறாங்கண்ணா" என்றபடி தாள்களை வாரிக்கொண்டு போனாள்.

சில மாதம் கழித்து மறுபடி வந்தாள். கழுத்தில் மஞ்சள் மாறாத தாலிக்கயிறு. பழையபடி இதழ்களை வரையத் தொடங்கியவள், பாதியில் நிறுத்தி வாசலைப் பார்த்தாள். நானும் பார்த்தேன். வேறொரு பைக் நின்றிருந்தது. அதையும் அணைக்கவில்லை.