ரப்பர் குழாயும் என் காதும்

விவேக் நகர் மெக்கானிக் ரப்பர் குழாயைக் காதில் வைத்த வேகத்திலேயே எடுத்துவிட்டான். "ரெண்டும் சமம்தான் மேடம்." எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஒன்பது வயதில், இதே காரின் முன்னால், இதே பொய்யை நானும் சொல்லியிருக்கிறேன்.

அப்பாவின் பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் காருக்கு இரண்டு கார்புரேட்டர். இரண்டும் ஒரே அளவு காற்றை இழுக்க வேண்டும். இன்ஜின் ஓடும்போது குழாயின் ஒரு முனையைக் கார்புரேட்டர் வாயிலும் மறுமுனையைக் காதிலும் வைத்து, இரைச்சலை ஒப்பிட வேண்டும். ஃபேக்டரி இரைச்சலில் அப்பாவின் காது மந்தமாகிவிட்டது. அதனால் கேட்பது என் வேலை. சனிக்கிழமை வந்தால் பெட்ரோல் வாசனை, அவர் தோளில் கிழிந்த பனியன், "எது ஜாஸ்தி கண்ணு?" என்ற கேள்வி.

ஒருநாள் விளையாடப் போகும் அவசரத்தில், கேட்காமலேயே "சமம்ப்பா" என்றேன். மறுநாள் சர்ச்சுக்கு, ஞாயிறு பூசைக்குப் போகும் வழியில் கார் குலுங்கி நின்றது. பட்டுப்புடவையோடு காரைத் தள்ளிய அம்மா கத்தினாள்: "இந்த டப்பாவ வித்துத் தொலைங்க!"

"பாப்பா காது தப்பாது. கார்புரேட்டர்தான் மோசம்" என்றார் அப்பா. நான் வாயே திறக்கவில்லை. அவர் சாகும்வரை திறக்கவில்லை.

மெக்கானிக்கிடமிருந்து குழாயைப் பிடுங்கினேன். முன்னது, பின்னது, மறுபடி முன்னது. அவன் முழிப்பதைப் பார்த்தும், அப்பாவுக்குக் கேட்கும்படி சத்தமாகவே சொன்னேன்: "முன்னாடிதான் ஜாஸ்திப்பா."