நவ்ஷாத் பள்ளிக்கூடம் பார்த்த கதை

அண்ணாகிராமத்துப் பலாப்பழ வியாபாரி நவ்ஷாத், ஒப்பிட்டுப் பார்க்காமல் எதையும் வாங்கியவர் இல்லை. பழத்தைத் தட்டுவார், முகருவார், பக்கத்துப் பழத்தையும் தட்டி முகர்ந்துவிட்டு முதல் பழத்துக்கே திரும்பி வருவார். பெண் பார்க்கப் போன வீட்டில்கூட, "இன்னொரு எடம் சொன்னீங்களே, அது எப்படி?" என்று தரகரைக் கேட்டவர். அது உள்ளறையில் இருந்த நஜியாவின் காதில் விழுந்துவிட்டது. கல்யாணம் நடந்தது. மன்னிப்பு இன்னும் நடக்கவில்லை.

இப்பேர்ப்பட்ட மனிதர் தலையில்தான் மகள் ரூமானாவை ஆறாம் வகுப்பில் சேர்க்கும் பொறுப்பு விழுந்தது. பழைய பள்ளியில் ஒதுங்க இடமில்லை என்று பகலெல்லாம் தண்ணீர் குடிக்காமலே இருந்து பழகிய பிள்ளை, கோடையில் நீர்க்கடுப்பும் காய்ச்சலுமாகப் படுத்துவிட்டாள். செம்மண்டலத்து டாக்டரம்மா சத்தம் போட்டார். "இன்னொரு தடவ இப்படி வந்தா கிட்னிக்கு ஆவாது. பாத்ரூம் இருக்கற ஸ்கூலா பாத்து சேருங்க."

மேற்கே ஓர் அரசு நடுநிலைப் பள்ளி, கிழக்கே ஒன்று. ஊரார் இரண்டையும் இங்கிலீஷ், கம்ப்யூட்டர் என்று ஒப்பிட்டார்கள். நவ்ஷாத் மூக்கை மட்டும் எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

மேற்குப் பள்ளியின் தலைமை ஆசிரியர் தேவசகாயம், கழிப்பறை என்றதும் முகம் மலர்ந்தார். ஜன்னல் வழியாகக் காட்டினார். வெள்ளை டைல்ஸ், உறை பிரிக்காத பிளாஸ்டிக் குவளை, ரோஜா வாசனை. கதவில் தேங்காய் மூடி அளவு பூட்டு.

"தொறக்க மாட்டீங்களா சார்?"

"ஆபீஸருங்க வந்தா தொறப்போம் பாய். சும்மா தொறந்து வுட்டா புள்ளைங்க யூஸ் பண்ணிடுதுங்க!"

அந்த அக்கிரமம் நடக்காமல் காத்ததற்குக் கிடைத்த தூய்மைச் சான்றிதழ் அவர் தலைக்கு மேல் தொங்கியது. பிள்ளைகள் எங்கே ஒதுங்குகிறார்கள் என்பதைப் பின்சுவரோரக் கருவேலம் புதர் தொலைவிலிருந்தே அறிவித்தது.

கிழக்குப் பள்ளியில் சந்திரலேகா டீச்சர் நிமிர்ந்து நின்று சொன்னார். "எங்ககிட்ட பூட்டே கெடையாது பாய். எப்பவும் தொறந்துதான் இருக்கும்."

சத்தியமான வார்த்தை. கதவு திறந்தே கிடந்தது. ஈக்களே வாசலில் நின்று யோசித்தன. குழாயில் தண்ணீர் வந்த காலத்தை வரலாற்றுப் பாடத்தில் சேர்க்கலாம். எட்டிப் பார்த்த நவ்ஷாத், அன்று மதியம் பிரியாணி வேண்டாம் என்றார். நஜியா பயந்தே போனாள்.

"ஏங்க, ரெண்டுல எதுன்னு முடிவு பண்ணீங்க?"

"ஒண்ணு சுத்தமா இருக்கு, உள்ள வுடமாட்டான். இன்னொண்ணுல வுடறாங்க, மனுசன் போவ முடியாது. த்தூ!"

"என்னிய எடுத்தாப்ல, மொதல்ல பாத்ததையே எடுத்துக்க வேண்டியதுதான?"

நவ்ஷாத் அதைக் காதில் வாங்காத மாதிரி யோசித்தார். "பூட்ட நான் ஒடச்சா போலீஸ் புடிக்கும். நாத்தத்த நான் கழுவுனா யாரு புடிப்பா?"

பள்ளி திறப்பதற்கு முந்தின ஞாயிறு, பைப் வேலை பார்க்கும் நண்பன் அருண்குமாரோடு ஆசிட், துடைப்பம், பிளீச்சிங் பவுடர் சகிதம் கிழக்குப் பள்ளியில் இறங்கினார்.

"மச்சான், பலாச்சொள எடுக்கற கைடா இது!"

"வாய மூடிக்கிட்டு ஊத்துடா. தொறந்தா உள்ள போயிடும்."

இருவரும் முறை வைத்து வாந்தி எடுத்தார்கள். அதையும் சேர்த்துக் கழுவினார்கள். சாயங்காலம் குழாயில் தண்ணீர் வந்தது.

திங்கட்கிழமை ரூமானாவோடு போனபோது, சந்திரலேகா டீச்சர் கழிப்பறை வாசலில் செல்போனில் படம் எடுத்துக்கொண்டிருந்தார். இன்னொரு கையில் புத்தம் புதிய பூட்டு.

"எதுக்கு டீச்சர் அது?"

"இவ்ளோ சுத்தத்த புள்ளைங்கள நம்பி வுட முடியுமா பாய்? அவார்டுக்கு போட்டோ அனுப்பிட்டேன். வந்து பாக்கற வரைக்கும் பூட்டித்தான் வைக்கணும்."

நவ்ஷாத் பூட்டையும் பார்த்தார், திறந்திருந்த கதவையும் பார்த்தார். மகள் பக்கம் திரும்பினார்.

"ரூமானா, உள்ள போயி தாப்பா போட்டுக்க."

"இப்ப வரலியே அத்தா."

"வர்ற வரைக்கும் இரு. இந்தா, தண்ணி பாட்டில எடுத்துக்க."

தாழ்ப்பாள் விழுந்தது. டீச்சர் பூட்டோடு நின்றார். எங்கிருந்தோ இரண்டு பெண்பிள்ளைகள் வந்து அவருக்குப் பின்னால் வரிசையில் சேர்ந்துகொண்டார்கள்.

நவ்ஷாத் கதவைப் பார்த்துச் சத்தமாகச் சொன்னார். "மெதுவா குடிம்மா. அவசரமே இல்ல."