நிறைந்த வாளிக்கு நான் சொன்ன ஸ்தோத்திரம்

இது நடந்து இரண்டு வருடம் ஆகிறது. ஒரு ஆகஸ்ட் மாதம். இலங்கையில் கஹவத்தையிலிருந்து பஸ்ஸில் முக்கால் மணி நேரம் உள்ளே வந்தால் எங்கள் தோட்டம். ஒரு பக்கம் தேயிலை, மறுபக்கம் ரப்பர். நான் கொழுந்து பறிக்கிறவள். என் வீட்டுக்காரர் ரப்பர் மரத்தில் பால் வெட்டுகிறவர்.

இதில் என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். மழை பெய்தால்தான் எனக்குக் கொழுந்து. மழை பெய்தால் அவருக்கு வேலையே இல்லை, ஈர மரத்தில் பால் வெட்ட முடியாது. நாங்கள் கிறிஸ்தவக் குடும்பம். பொழுது சாய்ந்ததும் வீட்டில் ஜெபம் உண்டு. "ஆண்டவரே, காலையில மழை வேணாம்" என்று அவர் முடிப்பார். அடுத்த நிமிடமே நான், "ஆண்டவரே, நல்ல மழையத் தாங்க" என்று ஆரம்பிப்பேன். பத்தாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்த எங்கள் மகள் நடுவில் உட்கார்ந்து சிரிப்பை அடக்குவாள். வரிசையாக ஒட்டிக் கட்டிய லயத்து வீடுகளுக்கு இடையில் இருப்பது ஒரே சுவர். அந்தப் பக்கம் இருக்கும் அக்கா மாரியம்மனைக் கும்பிடுகிறவர். "ஒங்க வீட்டு ஜெபத்தக் கேட்டா ஒங்க சாமிக்குத் தலவலிதான் வரும் புள்ள" என்று அங்கிருந்தே கேலி செய்வார்.

அப்படிப்பட்ட எங்கள் வீட்டில்தான் ஜெபச் சத்தம் குறைந்துபோனது. மே மாத மழையில் பால் வாளியோடு இறங்கும்போது என் வீட்டுக்காரர் வழுக்கி விழுந்து வலது மணிக்கட்டை உடைத்துக்கொண்டார். இரத்தினபுரி ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்டார்கள். ஜூலையில் கட்டைப் பிரித்த நாளில், "எலும்பு நல்லாக் கூடிட்டது, இனிக் கைக்கு வேலை கொடுங்க" என்றார் டாக்டர். இவரும் நம்பிக்கையாகத்தான் கத்தியைத் தூக்கிக்கொண்டு போனார். முதல் மரத்திலேயே கை நடுங்கிக் கத்தி கீழே விழுந்துவிட்டது. வீட்டுக்கு வந்து சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தவர்தான். சாப்பிட எழுந்திருப்பார், திரும்பப் படுத்துக்கொள்வார். லயமே கேட்கப் பாடுகிற மனிதர் ஜெபத்துக்குக்கூட எழும்பவில்லை. நானும் மகளும் மட்டும் மெதுவாக ஜெபம் பண்ணுவோம். அவர் முதுகைப் பார்த்துக்கொண்டே ஜெபம் பண்ணுவது எவ்வளவு கஷ்டம் தெரியுமா? எனக்கு ஆண்டவர் மேலேயே கோபம் வந்தது, மறைப்பானேன்.

ஆகஸ்டில் கண்டாக்கையா, அதாவது மலை வேலையை மேற்பார்வை பார்க்கிற ஐயா, என்னைக் கூப்பிட்டார். சிங்களவர், தமிழும் நன்றாகப் பேசுவார். இந்த மாதத்துக்குள் ஆள் வராவிட்டால் என் வீட்டுக்காரரின் மரங்களை வேறு ஒருவருக்குக் கொடுத்துவிட வேண்டியதுதான் என்றார். பதினேழு வருடமாக அவர் வெட்டிய மரங்கள். அவையும் போய்விட்டால் இந்த மனிதர் படுக்கையை விட்டு எழுந்திருக்கவே மாட்டார் என்று எனக்குத் தெரியும்.

"நான் வெட்டுறேன் ஐயா" என்று சொல்லிவிட்டேன். எனக்கு வாய்தான் முந்தும், யோசனை பிந்தி வரும். "ஒங்களுக்குத் தெரியுமா?" என்றார். "பதினேழு வருசமா பாக்குறேன், தெரியாதா?" என்றேன். கல்யாணமான புதிதில் ஞாயிற்றுக்கிழமைகளில் அவருக்கு வாளி தூக்கிக்கொண்டு போயிருக்கிறேன். அவ்வளவுதான் என் படிப்பு. ஏழு நாள், ஒரு கிழமை பார்ப்போம் என்று ஐயா சம்மதித்தார்.

விடியற்காலையில் போனேன். பட்டையை ஒரு சீவு சீவினால் பால் கோடாக இறங்கிச் சிரட்டையில் சொட்டும் என்பதைப் பார்த்திருக்கிறேன். சீவினேன். பால் மெல்லத்தான் கசிந்தது. இன்னும் கொஞ்சம் அழுத்தினேன். அப்பப்பா, என்ன ஓட்டம்! பிறகென்ன, எல்லா மரத்திலும் அதே அழுத்தம்தான். பத்து மணிக்குப் பாலைச் சேர்த்தபோது வாளி நிறைந்துவிட்டது. வாளியின் பாரமே தெரியாமல் வழி நெடுக ஸ்தோத்திரம் சொல்லிக்கொண்டு வந்தேன்.

அன்று மாலை ஜெபத்தில் நான் வாயை அடக்கவில்லை. படுத்திருக்கிறவர் காதில் விழட்டும் என்றே குரலை உயர்த்தினேன். "நூறு மரங்கூட வெட்டல ஆண்டவரே, வாளி நிறைய பால் குடுத்தீங்களே, ஸ்தோத்திரம்!" உண்மையில் நன்றி பாதி, பெருமை பாதி.

ஆமென் சொல்லிக் கண்ணைத் திறந்தால், அவர் கட்டிலில் உட்கார்ந்திருக்கிறார்!

"எத்தன மரம்னு சொன்ன?"

"நூறுக்குள்ளதாங்க."

"இந்த வெயிலுக்கு நூறு மரத்துல ஒரு வாளியா?" அவர் முகம் வெளுத்துவிட்டது. "ஏ புள்ள, மரத்த என்னா செஞ்ச?"

மறுநாள் விடிந்ததும் எனக்கு முன்னால் அவர் செருப்பைப் போட்டுக்கொண்டு நின்றார். ஒரு மாதம் கழித்து வாசலைத் தாண்டினார். நான் சந்தோஷப்படுவதா பயப்படுவதா என்று தெரியாமல் பின்னால் ஓடினேன். முதல் மரத்தில் கையை வைத்துப் பார்த்தார். இரண்டாவது மரம், மூன்றாவது மரம். பட்டையைத் தாண்டி உள்கட்டை வெள்ளையாகத் தெரிந்தது. மேல் பட்டையை மட்டும் கடதாசி போலச் சீவ வேண்டுமாம். கட்டை வரைக்கும் போனால் அன்றைக்குப் பால் கொட்டும், பிறகு அந்த இடம் முண்டு முண்டாகிக் கத்தியே ஏறாதாம். நான் ஆசீர்வாதம் என்று துள்ளியது மரத்தின் ரத்தம்.

"பதினேழு வருசமா ஒரு காயம் படாம வச்சிருந்தேனே, ஒரே நாள்ல இப்புடி வெட்டிப் போட்டுட்டியே!" என்று கத்தினார். அழுதுவிட்டேன். திட்டியதற்காக இல்லை. அந்தக் குரலைக் கேட்டு எத்தனை நாள்!

சாணியும் களிமண்ணும் குழைத்துக் காயங்களுக்குப் பூசினோம். நான் கொண்டுவந்து கொடுக்க, அவர் பூசிக்கொண்டே போனார். பத்து மரம் தாண்டியிருக்கும், அப்போதுதான் கவனித்தேன். வலது கையால் பூசிக்கொண்டிருந்தார்! அழுத்தி, தடவி, விரலால் ஓரத்தை வழித்து. நடுக்கம் இருந்தது, ஆனால் அவருக்கு அது ஞாபகத்திலேயே இல்லை. நான் மூச்சு விடவில்லை. என் வாழ்க்கையில் நான் வாயை மூடிக்கொண்டிருந்த ஒரே நேரம் அதுதான் என்று மகள் இன்றைக்கும் சொல்வாள்.

நான் வெட்டாமல் விட்டிருந்த ஒரு மரத்தடியில் நின்று, "கத்தியக் குடு" என்றார். கொடுத்தேன். கை நடுங்கியது. நான் அந்தக் கையின் மேல் என் கையை வைத்தேன். இருவருமாகச் சீவினோம். பட்டை நூலாகச் சுருண்டு விழுந்தது. பால் மெதுவாக, மிக மெதுவாக இறங்கியது. "இதுதான் வெட்டு, பாத்துக்க" என்றார். அவர் கண்ணும் கலங்கித்தான் இருந்தது.

அந்தக் கிழமை கண்டாக்கையா வந்தபோது காயம்பட்ட மரங்களை நானே காட்டிவிட்டேன். நல்ல ஏச்சு வாங்கினேன், வாங்க வேண்டியதுதான். பிறகு புது வெட்டுகளைத் தடவிப் பார்த்தார். பக்கத்தில் நின்ற என் வீட்டுக்காரரைப் பார்த்தார். சிங்களத்தில் "ஹரி" என்று சம்மதித்து, "ரெண்டு பேருமே வெட்டுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். மரங்கள் எங்களிடமே இருந்தன. நாளாக நாளாக என் கை தேவைப்படவில்லை. ஒக்டோபரில் ஒரு நாள் அவர் ஒரு மரம் விடாமல் தனியாகவே வெட்டி முடித்துவிட்டு வந்தார். நான் மறுபடியும் கொழுந்துக் கூடையைத் தூக்கிக்கொண்டேன்.

அன்று மாலை அவர்தான் பாட்டை எடுத்துக் கொடுத்தார். லயமே கேட்டது. பிறகு கண்ணை மூடி, "ஆண்டவரே, எங்க வீட்டுக்காரிக்குக் கொழுந்து வேணும். நல்ல மழையத் தாங்க" என்றார். என் முறை வந்ததும், "வேணாம் ஆண்டவரே, அவரு கைக்கு நாளைக்குக் காலையில வெயிலு வேணும்" என்றேன். சுவருக்கு அந்தப் பக்கமிருந்து அக்கா, "அட, என்னா புள்ள, ரெண்டு பேரும் மாத்திக் கேக்குறீங்க!" என்றார். மகள் இம்முறை சிரிப்பை அடக்கவே இல்லை.

மறுநாள் காலை பளிச்சென்று விடிந்தது. அவர் பாலைச் சேகரிக்கும் இடத்தில் ஊற்றிவிட்டு வீட்டுக்கு வந்து தேத்தண்ணீர் குடித்துக்கொண்டிருக்கும்போது, மத்தியானம் இரண்டு மணிக்கு, மழை சோவென்று கொட்டியது.

என் வீட்டுக்காரரை எழுப்ப ஒரு பெரிய அற்புதத்தை எதிர்பார்த்து ஒரு மாதமாக அழுதவள் நான். பாதி பெருமையோடு சொன்ன என் ஸ்தோத்திரத்தையும், அவசரத்தில் நான் செய்த பிழையையும் வைத்தே ஆண்டவர் அவரை எழுப்பிவிட்டார் என்பதை, அந்த மரங்களில் மேடாகிப்போன காயங்களைப் பார்க்கும்போதெல்லாம் நினைத்துக்கொள்கிறேன்.